ஆஷ் கொலை வழக்கின் ‘ஏ1’ வாஞ்சி இல்லை... யார் இந்த நீலகண்ட பிரம்மச்சாரி?

கோவில்பட்டியைத் தாண்டி கரிசல் காட்டுக்குள் ஓடும் ரயில் பாதை, திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்குமாகப் பிரியும் இடம்தான் மணியாச்சி. இன்றைக்கு அந்த ஜங்ஷனுக்கு ‘வாஞ்சி மணியாச்சி’ என்று பெயர்.

1911 ஜூன் 17. கொடைக்கானல் போவதற்காக மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார். பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடி தன்னையும் சுட்டுக்கொண்டார். இதுவரைக்கும் நம்மில் பலருக்குத் தெரியும். சுட்டவரே இறந்துபோனால் வழக்கு யார் மேல்?

14 பேர் மேல் வழக்கு பாய்ந்தது. முதல் பெயர் நீலகண்ட பிரம்மச்சாரி. சீர்காழி பக்கம் எருக்கூர்க்காரர். அப்போது வயது 21தான்! சம்பவத்தன்று அவர் மணியாச்சியிலேயே இல்லை.

அப்புறம் ஏன் அவர் பெயர் முதலில் வந்தது? 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனதும் நெல்லைச் சீமை கொதித்துக்கிடந்தது. சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்ற கோபம் இளைஞர்களிடம் இருந்தது. அந்தக் கோபத்தை ரகசிய சங்கமாகத் திரட்டியவர் நீலகண்டன். தென்காசி, செங்கோட்டை, தூத்துக்குடி என்று சுற்றி ஆள் சேர்த்தார். காளி படத்தின் முன்னால் குங்குமம் கரைத்த தண்ணீரைக் குடித்து சத்தியம் செய்வார்களாம். அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர்தான் வாஞ்சி.

சென்னை உயர் நீதிமன்றம் நீலகண்டனுக்குக் கொடுத்தது 7 ஆண்டு சிறை. கொலைக்காக இல்லை, மன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தார் என்பதற்காக. சட்டப்படி பார்த்தால் இவர் போர் வீரர்தான், பிரிட்டிஷ்காரர்களே கொடுத்த பட்டம்!

1919-ல் வெளியே வந்தவருக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை. பசியோடு வந்து நின்ற இவரைப் பார்த்துத்தான் தனி மனிதனின் உணவு பற்றிய அந்த வரியை பாரதி பாடினார்னு ஒரு கதை உண்டு. அது எவ்வளவு உண்மையோ... ஆனால் 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணி வீட்டில் பாரதி உயிர் பிரிந்த இரவில் உடனிருந்த சிலரில் இவரும் ஒருவர்.

வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதனம் பேசியது. அதற்காக இன்றைக்கும் விவாதம் ஓயவில்லை. அதே சங்கத்தைக் கட்டிய நீலகண்டன் போன பாதை வேறு. சிங்காரவேலரோடு பழகி பொதுவுடைமை பக்கம் சாய்ந்தார். துண்டுப் பிரசுரங்களுக்காக 1922-ல் மறுபடியும் கைது, இந்த முறை 10 ஆண்டு தண்டனை. வாலிபம் முழுக்க ஜெயிலிலேயே போச்சு.

வெளியே வந்த பிறகு அரசியல் பக்கம் திரும்பவே இல்லை. பெங்களூரு பக்கத்து நந்தி மலைக்குப் போய் ஓம்கார் சுவாமி ஆனார். பார்க்க வந்த பலருக்கு இந்தச் சாமியார் யார் என்றே தெரியாது. நாடு விடுதலையானபோதும் அவர் இருந்தது அதே மலையில்தான்.

1978 மார்ச் 4-ல், 88 வயதில், அங்கேயே காலமானார். மணியாச்சியில் அந்தத் துப்பாக்கி வெடித்து அப்போது 66 வருஷம் ஆகியிருந்தது.