கம்பிவேலிக்குள் கடமை

நுழையும்முன்

போரில் பகைவரிடம் பிடிபட்ட வீரனின் கடமை அத்துடன் முடிந்துவிடுகிறதா? ஆயுதமும் விமானமும் பறிக்கப்பட்டபின் அவனிடம் எஞ்சுவது யாது? இரண்டாம் உலகப்போர் தொடங்கிய ஆறாம் வாரத்திலேயே சிறைப்பட்டு, ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளைச் சிறைமுகாம்களில் கழித்தவர் பிரித்தானிய விமானி ஹாரி டே. அவரது வாழ்க்கை இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

புகைக்குள் நுழைந்த இளைஞர்

ஹாரி மெல்வில் அர்பத்நாட் டே 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் போர்னியோத் தீவிலுள்ள சரவாக்கில் பிறந்தார். முதல் உலகப்போரின்போது பிரித்தானியக் கடற்படையின் காலாட்பிரிவில் சேர்ந்து, பிரிட்டானியா என்னும் போர்க்கப்பலில் பணியாற்றினார். 1918 நவம்பர் 9ஆம் நாள், போர்நிறுத்தத்திற்கு இரண்டு நாள்களே இருந்த நிலையில், டிரபால்கர் முனைக்கு அருகே செர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலுக்கு அக்கப்பல் இலக்காயிற்று. உள்ளறைகளில் நச்சுப்புகை சூழ்ந்தது. காயமுற்ற இருவர் உள்ளே சிக்கியிருப்பதை அறிந்த டே, இருளும் புகையும் நிறைந்த அறைக்குள் சென்று அவர்களை மீட்க வழிசெய்தார். அப்போது அவருக்கு வயது 20. உயிர்காக்கும் வீரத்திற்கான ஆல்பர்ட் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

பின்னர் வானூர்திப் பயிற்சி பெற்று, பிரித்தானிய வான்படையில் தேர்ந்த விமானியாகப் பெயர்பெற்றார். பிற்காலத்தில் புகழ்பெற்ற டக்ளஸ் பேடரும் அவருடன் ஒரே படைப்பிரிவில் பணியாற்றியவரே. ‘விங் கமாண்டர்’ என்னும் பதவியையொட்டி, நண்பர்கள் டேயை ‘விங்ஸ்’ என்று அழைத்தனர். சிறகுகள் என்று பொருள்படும் அப்பெயர், அவர் வானத்தை இழந்த பின்னரும் நிலைத்தது.

வீழ்ந்த விமானம்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. டே தலைமையேற்ற 57ஆம் படைப்பிரிவு பிரான்சுக்குச் சென்றது. படைத்தலைவர் தரையிலிருந்து ஆணையிட்டால் போதும் என்று அவர் கருதவில்லை. அக்டோபர் 13ஆம் நாள் பிளென்ஹைம் வகைக் குண்டுவீச்சு விமானத்தைத் தாமே செலுத்தி, செர்மனியின் மீது வேவுபார்க்கச் சென்றார். பகைவரின் போர்விமானங்கள் அதனைச் சுட்டு வீழ்த்தின. தீக்காயங்களுடன் டே குடைமிதவையால் தரையிறங்கிச் சிறைப்பட்டார். உடன்பறந்த இருவரும் உயிரிழந்தனர்.

சிறையே போர்க்களம்

ஓபெருர்செல் என்னும் ஊரிலிருந்த முகாமில், சிறைப்பட்ட பிரித்தானிய அதிகாரிகளின் தலைவரானார் டே. அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்தவர். கைதிகளுள் பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். செயலற்றிருத்தல் அவர்களது மனவுறுதியைக் குலைத்துவிடும் என்பதை அவர் உணர்ந்தார். தப்பிச்செல்லும் முயற்சி கைதிகளுக்கு நோக்கத்தைத் தரும். பகைவரின் காவற்படைகளையும் திசைதிருப்பும். எனவே முயற்சிகளை ஒழுங்குபடுத்தித் துணைநின்றார்.

1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையும் இவ்வுரிமையை ஒருவாறு ஏற்றிருந்தது. தப்பிப் பிடிபட்ட போர்க்கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே எடுக்கலாம். அதன் உச்சம் முப்பது நாள் சிறைக்காவல். தப்ப முயன்றமைக்காகக் கைதியைக் கொல்வதற்கு அதில் இடமில்லை.

1941 சூனில் சுரங்கம் வழியே டே வெளியேறினார், பிடிபட்டார். 1943 மார்ச்சில் போலந்தின் சுபின் முகாமிலிருந்து, கழிவறைக்கு அடியில் தோண்டிய சுரங்கம் வழியே மீண்டும் வெளியேறினார், மீண்டும் பிடிபட்டார். ஒவ்வொரு தோல்வியும் அடுத்த முயற்சிக்குப் பாடமாயிற்று.

ஐம்பது உயிர்கள்

சாகான் முகாமில் ரோஜர் புஷெல் என்னும் அதிகாரியின் திட்டப்படி மூன்று சுரங்கங்கள் தோண்டப்பட்டன. அவற்றுள் ஒன்று, சூடேற்றும் அடுப்பின் அடியில் தொடங்கி, ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஆழத்தில் நூறு மீட்டருக்கும் மேல் நீண்டது. மணல் சரியாதிருக்கக் கட்டிற்பலகைகள் முட்டுக்கொடுத்தன. பால்மாவுத் தகரக்குவளைகளை இணைத்துக் காற்றுக்குழாய் அமைத்தனர். தோண்டிய மணலைக் காற்சட்டைக்குள் மறைத்த பைகளில் கொண்டுசென்று தோட்டத்து மண்ணில் கலந்தனர்.

1944 மார்ச் 24ஆம் நாள் இரவில் தொடங்கி 76 பேர் வெளியேறினர். டேயும் போலந்து அதிகாரி பாவெல் டோபோல்ஸ்கியும் இணைந்து ஸ்டெட்டின் துறைமுகநகர் வரை சென்று பிடிபட்டனர். தப்பியோரில் மூவரே விடுதலை பெற்றனர். சினமுற்ற இட்லரின் ஆணைப்படி, பிடிபட்ட 73 பேரில் 50 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். புஷெலும் டோபோல்ஸ்கியும் அவர்களுள் அடங்குவர். உடன்படிக்கை காற்றில் பறந்தது. முகாமில் எஞ்சியிருந்த கைதிகள், மாண்ட தோழர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். தப்பும் முயற்சியின் விலை இத்துணைப் பெரிதாக இருக்குமென எவரும் எண்ணியிருக்கவில்லை.

மீண்டும் மண்ணுக்கடியில்

உயிர்தப்பிய டே, பெர்லினுக்கு வடக்கேயிருந்த சாக்சன்ஹௌசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். மின்வேலி சூழ்ந்த அங்கிருந்து எவரும் தப்ப இயலாது எனக் காவலர்கள் நம்பினர். தோழர்களோ, உணவுமேசைக் கத்தியைக் கருவியாக்கிக் கட்டிலின் அடியிலிருந்து சுரங்கம் தோண்டினர். 1944 செப்டம்பரில் டே உள்ளிட்ட ஐவர் வெளியேறினர். பிடிபட்டால் சாவு நேரக்கூடும் என்பதை இம்முறை அவர்கள் அறிந்தே சென்றனர். ஐவரும் பிடிபட்டனர். விசாரணையில் தப்ப முயல்வது அதிகாரியின் கடமை என்பதில் டே உறுதியாக நின்றார். தனிமைச் சிறையே தண்டனையாயிற்று.

பிறர்க்காக ஒரு பயணம்

1945 ஏப்ரலில், பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 140 முதன்மைக் கைதிகள் ஆல்ப்ஸ் மலைப்பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிரான்சின் முன்னாள் தலைமை அமைச்சர் லியோன் புளூம், ஆஸ்திரியாவின் முன்னாள் ஆட்சித்தலைவர் சூசுனிக் ஆகியோரும் அவர்களுள் இருந்தனர். இக்கைதிகள் உயிருடன் நேச நாட்டுப் படைகளின் கைக்குச் செல்லலாகாது என்பது காவலர்களுக்கு இடப்பட்ட ஆணை. செர்மானிய இராணுவ அதிகாரி ஒருவர் குறுக்கிட்டுக் காவலர்களை விலக்கினார். ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. இந்நிலையில் டே, இத்தாலிய விடுதலைப் போராளி ஒருவரின் துணையுடன் போர்முனையைக் கடந்து, நேச நாட்டுப் படையினரை அடைந்து செய்தி சொன்னார். மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கப் படையினர் வந்து கைதிகளை மீட்டனர்.

இறுதிக்காலம்

போருக்குப்பின் டேக்கு உயரிய படைவிருதுகள் கிடைத்தன. 1950இல் குரூப் கேப்டன் நிலையில் ஓய்வுபெற்றார். 1971இல் ஆல்பர்ட் பதக்கம் பெற்று அப்போது வாழ்ந்திருந்தோர் அனைவரும் ஜார்ஜ் சிலுவை விருதாளர்களாக ஏற்கப்பட்டபோது, அவரும் அச்சிறப்பைப் பெற்றார். 1977 மார்ச்சில் மால்டா தீவில் மறைந்தார்.

ஹாரி டே தப்பிய முறைகளைவிடப் பிடிபட்ட முறைகளே நினைவில் நிற்கின்றன. தமக்காக மேற்கொண்ட முயற்சிகளிலெல்லாம் அவர் தோல்வியுற்றார். பிறர் உயிரைக் காக்கப் புறப்பட்ட இறுதிப் பயணத்தில் வென்றார். இருபது வயதில் புகைசூழ்ந்த அறைக்குள் நுழையச் செய்த அதே உணர்வு, நாற்பத்தாறு வயதிலும் அவரை வழிநடத்தியது. பதவியையும் படைக்கலத்தையும் பகைவர் பறிக்கலாம். உடனிருப்போர்பால் கொண்ட பொறுப்பினைப் பறிக்க எந்தக் கம்பிவேலிக்கும் இயலாது.