சிதம்பரம் பிள்ளையவர்களும் நெசவுத் தொழிலும்

கப்பலோட்டியவர் என்னும் பெரும் புகழ், வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் மற்றைக் காரியங்களை மறைத்து விட்டது. தறியை நம்பி வாழ்ந்த முன்னோரையுடைய நம் சங்கத்தார்க்கு, அவர் நெசவிற்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் செய்த உபகாரம் அறியத்தக்கது. ஆகலின் அதனையே ஈண்டுச் சிறிது விரித்து எழுதப் புகுந்தோம்.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், கரிசற் பருத்தி விளையும் ஒட்டப்பிடாரத்தில், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். சட்டம் பயின்று வக்கீலாகி, 1900இல் தூத்துக்குடிக்குக் குடியேறினார். அத்துறைமுகத்தின் வழியே நம் பஞ்சு சீமைக்குச் செல்வதையும், சீமைத் துணி இங்கு வந்து விற்பதையும் நாள்தோறும் கண்டார். 1906இல் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் சுதேசி நாவாய்ச் சங்கம் நிறுவிய கதையை யாவரும் அறிவர். அக்காலத்தை ஒட்டியே தரும சங்க நெசவுச் சாலை என்றொரு சாலையையும் அவர் ஏற்படுத்தினார் என்பதைச் சிலரே அறிவர்.

கைத்தறியின் அருமை அறியாத இளைஞர் நம் குடும்பங்களிலும் பெருகி விட்டனர்; அவர் பொருட்டுச் சில கூறுவோம். குழித்தறியில் அமர்ந்த நெசவாளன் காலால் மிதியை அழுத்தப் பாவு இரு பிரிவாய்த் திறக்கும். ஒரு கையால் எறிந்த நாடாவை மறு கையால் ஏற்பான். 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடும் உபாயம் கண்டார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் விசைத்தறியும் வந்தது. கோரைப்பாய் நெசவோ இன்னும் பொறுமையை வேண்டுவது. நம் ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, தாமிரபரணிப் பாய்ச்சலிலுள்ள பத்தமடையில் பச்சைக் கோரையைக் கீறி உலர்த்தி, ஓடும் நீரிற் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திய பின்னரே தறிக்கு எடுப்பர். ஒவ்வொரு கோரையாய்ப் பாவினுள் செலுத்தி அச்சால் அடித்து நெருக்க வேண்டும். சாதாரணப் பாய்க்குப் பாவு பெரும்பாலும் சணல் நூல். இன்று யந்திரப் பாயும் பிளாஸ்டிக் பாயும் மலிந்து, கைப்பாய் கலியாணச் சீருக்கு மட்டும் தேடப்படுகிறது!

பிள்ளையவர்கள் யந்திரத்தை வெறுத்தவரல்லர். நீராவிக் கப்பல் வாங்கியவர் எங்ஙனம் வெறுப்பார்? யந்திரத்தின் முன் நின்று தேயும் மனிதனுக்காகவே அவர் வருந்தினார். ஹார்வி கம்பெனியாரின் கோரல் நூல் ஆலையில் வேலைநேரம் நீண்டது, கூலி சிறிது, வார ஓய்வு இல்லை. 1908 பிப்ரவரி 27இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர். ஒன்பது நாளளவில் முதலாளிகள் இணங்கினர். கூலி உயர்ந்தது, நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிட்டியது. நூலாலைக்குள் மனிதர்க்குரிய மதிப்பை இந்நாட்டிற் கேட்டுப் பெற்ற முதன்மையான நிகழ்ச்சிகளுள் இஃதொன்று என்பது நம் துணிபு.

அடுத்த சில நாளில், மார்ச்சு 12இல், அவர் கைது செய்யப்பட்டார். அது கேட்டு அவ்வாலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டு வெளியேறினர். இம்முறை அவர்கள் கேட்டது கூலியன்று. ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்த இரட்டை ஆயுள் தண்டனை பின்னர் மேன்முறையீட்டிற் குறைக்கப்பட்டது.

கோயமுத்தூர்ச் சிறையில் அவருக்கு முதலில் இட்ட பணி, சணல் கிழிக்கும் யந்திரத்தைச் சுற்றுதல். பேனா பிடித்த கை தோலுரிந்து இரத்தம் கசிந்தது. நாம் விரித்துப் படுக்கும் பாயின் பாவிலோடும் அதே சணல்தான்! பின்னர் மாட்டிற்குப் பதிலாகச் செக்கிழுக்க விட்டனர். அந்நிலையிலும் அவர் நூல் எழுதுதலைக் கைவிட்டாரில்லை. ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கி மனம்போல வாழ்வு எனப் பெயரிட்டார்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பற் கம்பெனி கலைந்து போயிருந்தது. வறுமை அவரைச் சென்னைக்கும் கோவைக்கும் கோவிற்பட்டிக்கும் அலைத்தது. தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தும் திருக்குறளுக்கு உரை வரைந்தும் வாழ்ந்து, மீண்டும் தூத்துக்குடிக்கே வந்து, 1936 நவம்பர் 18இல், தம் விருப்பப்படி அவ்வூர்க் காங்கிரஸ் அலுவலகத்திலேயே உயிர் நீத்தார்.