பாக்டீரியாவுக்கு இனம் பிரித்த பெர்டினாண்ட் கோன்

ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை புள்ளியாகவோ, குச்சியாகவோ தெரியும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால், ஒன்று சாது. அதைப் போலவே இருக்கும் இன்னொன்று எமன்.

இவற்றை இனம் பிரித்து அறிய வழிகாட்டிய விஞ்ஞானி, பெர்டினாண்ட் கோன்.

பட்டம் இல்லை

கோன் 1828-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி பிரெஸ்லாவ் நகரில் ஒரு யூத வியாபாரியின் மகனாகப் பிறந்தார். அப்போது பிரஷ்யாவில் இருந்த அந்த நகரம், இன்று போலந்து நாட்டில் இருக்கிறது.

இரண்டு வயதுக்குள் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை அவர். ஆனால் சிறு வயதிலேயே காது மந்தமாகிவிட்டது.

பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தாவர இயல் படித்தார். படிப்பில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் யூதர் என்ற காரணத்தால், டாக்டர் பட்டத்துக்கு அங்கே கதவு அடைக்கப்பட்டது.

கோன் மனம் தளரவில்லை. ஊரை விட்டு பெர்லினுக்குப் போனார். 1847-ல், 19 வயதில், அங்கே டாக்டர் பட்டம் பெற்றார்.

1849-ல் ஊர் திரும்பினார். தந்தை அவருக்கு உயர்ந்த ரக மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பட்டம் தராத அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தார். 1866-ல் அங்கே தாவர ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார்.

நான்கு பிரிவு

அந்தக் காலத்தில் பாக்டீரியா விஷயத்தில் பெரிய குழப்பம் இருந்தது. ஒரே கிருமிதான் இடத்துக்குத் தக்கபடி உருவத்தையும், குணத்தையும் மாற்றிக்கொள்கிறது என்று பல அறிஞர்கள் நம்பினார்கள்.

கோன் இதை ஏற்கவில்லை. செடி, கொடிகளைப் போலவே பாக்டீரியாக்களிலும் தனித்தனி இனங்கள் உண்டு என்றார். 1872-ல் அவற்றை உருண்டை, குட்டைக் குச்சி, நீண்ட குச்சி, சுருள் என்று 4 பிரிவுகளாக வகுத்தார். நீண்ட குச்சிகளில் ஒரு வகைக்கு "பாசில்லஸ்" என்று பெயர் வைத்தார்.

உருவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். பார்வைக்கு ஒன்றாக இருப்பவை, செய்யும் வேலையில் வேறாக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

கொதித்தாலும் சாகாது

காய்ந்த புல்லை ஊறவைத்த தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும், சில நாளில் அதில் பாக்டீரியா பெருகிவிடும். உயிர் தானாகவே உண்டாவதற்கு இதுதான் சாட்சி என்று சிலர் வாதாடினார்கள்.

அந்த பாக்டீரியா, மண்ணில் வாழும் "பாசில்லஸ் சப்டிலிஸ்". அது விதை போன்ற கெட்டியான வித்துகளாக மாறுவதையும், கொதிநீரிலும் அந்த வித்துகள் சாகாமல் கிடந்து பிறகு முளைப்பதையும் 1876-ல் கோன் விளக்கினார்.

வீடு தேடி வந்த டாக்டர்

அதே 1876-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, வோல்ஸ்டீன் என்ற சிற்றூரில் இருந்து 32 வயது டாக்டர் ஒருவர் கோனைத் தேடி வந்தார். அவர்தான் ராபர்ட் காக். அப்போது அவரை யாருக்கும் தெரியாது.

ஆடு மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் (ஆந்த்ராக்ஸ்) கிருமியும் இதேபோல் வித்தாக மாறுவதை, காக் மூன்று நாட்கள் சோதனை செய்து காட்டினார். பெரிய பேராசிரியரான கோன், அந்தச் சிற்றூர் டாக்டரின் உழைப்பைப் போற்றினார். தாம் நடத்திய பத்திரிகையிலேயே அந்தக் கட்டுரையை அதே ஆண்டில் வெளியிட்டார். காக் பிறகு 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார்.

1880-ல் ஒரு எதிர்ப்பு கிளம்பியது. அடைப்பான் கிருமியைச் சாதுவான புல் கிருமியாக மாற்றிவிட்டதாக ஹான்ஸ் புக்னர் என்பவர் அறிவித்தார். அது உண்மையானால், எந்த வயலில் உள்ள கிருமியும் எமனாக மாறலாம். நோய்க்குக் காரணம் இன்ன கிருமி என்று கூறவே முடியாது. அந்த வாதம் நிலைக்கவில்லை.

பிரெஸ்லாவ் நகரம் கோனுக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் அளித்துப் பெருமைப்படுத்தியது. 1898 ஜூன் 25-ந் தேதி, 70 வயதில் அவர் காலமானார்.

மரபணுவின் தீர்ப்பு

கோன் காலத்தில் மரபணுவைப் படிக்க வழி இல்லை. பின்னால் அது வந்தது. 1997-ல் புல் கிருமியின் மரபுக் குறிப்பு முழுவதும் படிக்கப்பட்டது. அதில் இருந்தவை சுமார் 42 லட்சம் எழுத்துகள். 2003-ல் அடைப்பான் கிருமியைப் படித்தபோது சுமார் 52 லட்சம் எழுத்துகள் இருந்தன. இரண்டும் வேறு வேறு இனங்கள்தான் என்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

ஆனால் ஓர் அதிசயமும் வெளிப்பட்டது. ஆறிய சோற்றில் பெருகி வாந்தியை உண்டாக்கும் "பாசில்லஸ் சீரியஸ்", பயிரைத் தின்னும் புழுக்களைக் கொல்லும் "பாசில்லஸ் துரிஞ்சியன்சிஸ்", அடைப்பான் கிருமி ஆகிய மூன்றும் மிக நெருங்கிய உறவு. அடைப்பான் கிருமியைக் கொடியதாக்குவது, அதன் உடலுக்குள் தனியாக உள்ள இரண்டு சிறிய மரபணு வளையங்கள். விஷத்தைத் தயாரிக்கும் மரபணுக்களும், கிருமிக்குக் கவசம் தரும் மரபணுக்களும் அவற்றில்தான் இருக்கின்றன.

மூன்றையும் ஒரே இனமாகச் சேர்க்கலாமா என்ற விவாதம் விஞ்ஞானிகளிடையே நடந்து வருகிறது. உருவத்தை மட்டும் பார்க்காதே, செய்யும் வேலையையும் பார் என்ற கோனின் எச்சரிக்கை இன்றும் பயன்படுகிறது.