மொட்டை மாடியில் ஒரு ஜப்பான் வாத்தியார்

மொட்டை மாடிக் கம்பத்தில் மீன்முள் மாதிரி நிற்குமே, அந்த யாகி ஆன்டெனாவின் பெயர் ஒரு மனிதருடையது. ஹிடெட்சுகு யாகி, 1886-ல் ஒசாகாவில் பிறந்தவர். செண்டாய் நகரத்துத் தோஹோகு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரிடம் வேலை பார்த்த ஷின்டாரோ உடாதான் கம்பிகளை வெட்டி, தள்ளி வைத்து, அளந்து அளந்து பார்த்தவர். அரை அலைநீள டைபோல். பின்னால் சற்று நீளமான ரிஃப்ளெக்டர். முன்னால் சற்றுக் குட்டையான டைரக்டர்கள். அவ்வளவுதான் சமாச்சாரம்! டைரக்டர் கூடக் கூட நேர்திசையில் பலம் ஏறும், மற்ற திசைகள் மங்கும். 1926-ல் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார்கள். 1928-ல் யாகி ஆங்கிலத்தில் எழுத, உலகம் அவர் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டது. உடாவை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். பட்டறையில் கை கறுத்தவர் அவரல்லவா?

சொந்த நாட்டிலும் அதை யாரும் பெரிதாகக் கண்டுக்கலை. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படைக்குக் கிடைத்த பிரிட்டிஷ் ரேடார் குறிப்புகளில் யாகி என்ற சொல் புரியவில்லை. அது ஒரு ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் என்று பிரிட்டிஷ் கைதி ஒருவர் சொல்ல வேண்டி வந்தது!

ஒரே திசையைப் பார்ப்பதுதான் யாகியின் பலம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் அதுவே தலைவலியாக இருந்தது. வடக்கே கொடைக்கானல், கிழக்கே இலங்கை ரூபவாஹினி. மாடியில் ஒருவன் கம்பத்தைத் திருப்ப, கீழே ஒருவன் தெரியுது தெரியலைன்னு கத்துவான். எங்கள் தெருவில் ஒரே கம்பத்தில் இரண்டு யாகி ஏற்றினோம். இரண்டு ஒயரையும் சும்மா முறுக்கிச் சேர்த்தால் ஒன்றை மற்றது கெடுக்கும், அதனால் டி.வி. பக்கத்தில் ஒரு ஸ்விட்ச்.

யாகியும் உடாவும் 1976-லேயே, சில மாத இடைவெளியில் காலமானார்கள்.