கூடைப்பந்துக்கு விதி எழுதிய நெய்ஸ்மித்

நடுவர் விசில் ஊதியதும் ஆட்டம் நிற்கிறது. மறையூர் மைதானமானாலும் சரி, ஒலிம்பிக் அரங்கமானாலும் சரி, கூடைப்பந்தில் நடுவர் சொல்லே இறுதி. இதற்கு அடித்தளம் இட்டவர் டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

கனடா நாட்டில் அல்மான்ட் என்ற ஊருக்கு அருகே 1861-ம் ஆண்டு நவம்பர் 6-ந்தேதி அவர் பிறந்தார். 1870-ல் டைபாய்டு காய்ச்சல் அவரது தாய், தந்தை இருவரையும் கொண்டுபோயிற்று. தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போனார். பிறகு மீண்டும் படித்துப் பட்டம் பெற்றார். 1890-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

1891 டிசம்பர். வெளியே கடும் குளிர். கூடத்துக்குள் ஆட ஒரு புதிய விளையாட்டு வேண்டும் என்றார் உடற்கல்வித் துறைத் தலைவர் கூலிக். கொடுத்த கெடு 14 நாள். நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் மாட்டச் செய்தார். 13 விதிகளை எழுதினார். பக்கத்துக்கு 9 பேர் ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை!

யாருக்கும் அடிபடக்கூடாது என்பதே அவரது கவலை. எனவே பந்தைக் கவனிக்க ஒரு நடுவரும், ஆட்களைக் கவனிக்க இன்னொரு நடுவரும் வைத்தார். இரண்டாம் முறை தவறு செய்தவர், அடுத்த கூடை விழும் வரை வெளியே நிற்கவேண்டும். வேண்டுமென்றே காயப்படுத்தினால் ஆட்டம் முடியும் வரை வெளியேதான். அவருக்குப் பதிலாக வேறு ஆளும் இறங்க முடியாது! ஒருவர் செய்த தவறுக்கு அணி முழுவதும் விலை கொடுத்தது.

"பிரீ த்ரோ" அந்த 13 விதிகளில் இல்லை. ஒரு பக்கம் தொடர்ந்து மூன்று தவறு செய்தால் எதிரணிக்கு ஒரு கூடை கணக்கு. பிரீ த்ரோ பின்னர் வந்தது. அதை எறிவதற்கென்றே அணிகள் குறி தவறாத ஒருவரை வைத்திருந்தன. 1924-ல் அமெரிக்காவில் அதற்கு முடிவு கட்டப்பட்டது. தவறுக்கு ஆளானவரே எறியவேண்டும் என்றானது.

இன்றைய சர்வதேச விதியிலும் அந்த நியாயம் இருக்கிறது. எறியவேண்டியவர் காயம் அடைந்தாலோ, ஐந்து தவறுகள் செய்து வெளியேறினாலோ, நடுவரால் வெளியேற்றப்பட்டாலோதான் மாற்று ஆள் எறியலாம். முதல் எறி தொடங்கிவிட்டால், கடைசி எறி கூடையில் விழும் வரை மற்றவர்களையும் பொதுவாக மாற்ற முடியாது. மாற்று ஆட்டக்காரர், தானே ஸ்கோர் மேஜைக்குச் சென்று சொல்லவேண்டும். நடுவர் கைகாட்டிய பிறகே உள்ளே வரவேண்டும்.

இந்த விளையாட்டைப் பரப்பியதில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்பிரிங்பீல்டில் பயின்ற எச்.சி.பக், 1920-ல் சென்னையில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி.

நெய்ஸ்மித் 1898-ல் மருத்துவப் பட்டம் பெற்று, கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக வென்றதைவிடத் தோற்றதே அதிகம். அதை அவர் பெரிதாக எண்ணவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. 74 வயதில் நேரில் கண்டு மகிழ்ந்தார்.

1939 நவம்பர் 28-ந்தேதி அவர் மறைந்தார். கண்டுபிடித்த ஆட்டத்தால் அவர் செல்வம் சேர்க்கவில்லை. ஆனால் விசில் ஒலிக்கும் ஒவ்வொரு மைதானத்திலும் அவர் வாழ்கிறார்.