ஈயத்திடம் தோற்ற ஹெவெசி

துவாஸ் கப்பல் பட்டறைகளில் குழாய்ப் பற்றவைப்பைச் சோதிக்கக் கதிர்ப்படம் எடுப்பதை நம் பொறியியல் மாணவர்கள் அறிவார்கள். கதிர் ஒரு பக்கமிருந்து புகுந்து மறுபக்கம் படமாகும். அணுக்கரு மருத்துவத்தில் எல்லாம் தலைகீழ். கதிர்ப்பொருள் நோயாளியின் உடலுக்குள் இருக்கும். கருவி வெளியிலிருந்து அதைத் தேடும். இதற்கு வித்திட்டவர் ஜார்ஜ் டி ஹெவெசி.

1885இல் புடாபெஸ்டில் பிறந்த இவர், 1911இல் மான்செஸ்டர் சென்று ரூதர்ஃபோர்டிடம் சேர்ந்தார். ஈயக் குவியலிலிருந்து ரேடியம்-டி என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்துத் தருமாறு ரூதர்ஃபோர்டு பணித்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போராடியும் முடியவில்லை. முடியாதுதான்! ரேடியம்-டியும் ஈயத்தின் ஓர் ஐசோடோப்பே. பிரிக்க முடியாத பொருளைக் கலந்துவிட்டால், ஈயம் போகுமிடமெல்லாம் அது காட்டிக்கொடுக்குமே என்று எண்ணினார் ஹெவெசி. 1913இல் வியன்னாவில் பனேத்துடன் சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். (மிச்ச உணவையே மறுபடி பரிமாறிய விடுதிக்கார அம்மாளை இதே உத்தியால் பிடித்ததாக ஒரு கதையும் உண்டு.)

1935இல் கோபன்ஹேகனில் கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவரன்று, நாள்தோறும் கரைந்து புதுப்பிக்கப்படுவது என்று தெரிந்தது.

இன்றைய எலும்பு ஸ்கேனைப் படிக்க இந்த உண்மைதான் அடிப்படை. ஊசியில் ஏற்றிய மருந்து, எலும்பு மும்முரமாகப் புதுப்பிக்கப்படும் இடத்தில் கூடுதலாகச் சேரும். படத்தில் அந்த இடம் கறுக்கும். புற்றுநோய் பரவிய இடமும் கறுக்கும். ஆறிவரும் முறிவும், தேய்ந்த மூட்டும் கறுக்கும். அதனால் நல்ல மருத்துவர் புள்ளியை மட்டும் பார்த்துப் பெயர் சூட்டமாட்டார். கீழே விழுந்தீர்களா என்று கேட்பார், புள்ளிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்ப்பார், தேவைப்பட்டால் சி.டி. படத்தோடு ஒப்பிடுவார். மறுபுறம், எலும்பைக் கரைப்பதோடு நின்றுவிடும் சில புற்றுநோய்கள் இந்தப் படத்தில் தெரியாமலும் போகலாம். அறிக்கையில் ஒரு வரியைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காதவர்களும், படம் தெளிவாக இருக்கிறதென்று வலியை மறந்துவிடுபவர்களும் அறிய வேண்டிய செய்தி இது.

1940இல் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனில் நுழைந்தபோது, லாவே, ஃபிராங்க் இருவரின் தங்க நோபல் பதக்கங்களை இராஜதிராவகத்தில் கரைத்து மறைத்தவரும் ஹெவெசியே. யூத மரபினரான அவர் 1943இல் ஸ்டாக்ஹோமுக்குத் தப்பினார். அந்த ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. 1966இல் காலமானார். சிராகியூஸ் நகரில் சுப்பிரமணியனும் மெக்காஃபியும் டெக்னீசியத்தைப் பாஸ்பேட்டுடன் இணைத்து எலும்பு ஸ்கேனுக்கு உகந்த மருந்தை வெளியிட்டது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1971இல்.