ஏழிசையும் எழுத்தும்: ஆபிரகாம் பண்டிதரின் இசைத்தமிழ் வாழ்வு

முத்தமிழ் என்று பெருமையுடன் பேசும் நாம், இயற்றமிழை வகுப்பறைக்கும் இசைத்தமிழை மேடைக்குமாகப் பிரித்து வைத்துவிட்டோம். இலக்கணம் கற்றவர் பெரும்பாலும் பாடுவதில்லை. பாடுவோர் இலக்கணத்தை நாடுவதில்லை. இப்பிளவை மாற்ற முயன்ற சான்றோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ஆவார். அவருடைய இசைப்பயிற்சிக்கு நம் திண்டுக்கல் நகரமே களமாயிற்று என்பது வடமதுரை வட்டார மாணவர் பலர் அறியாத செய்தி.

தென்காசிப் பகுதியைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில், 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், கிறித்தவக் குடும்பமொன்றில் பண்டிதர் தோன்றினார். ஆசிரியப் பயிற்சி பெறத் திண்டுக்கல் வந்த அவ்விளைஞர், இங்கேயே ஆசிரியராகவும் பணியேற்றார். இந்நகரில் சடையாண்டிப் பத்தரிடம் வயலின் கற்றார். சுருளிமலையில் கருணானந்த முனிவரை அடுத்து மருத்துவ அறிவு பெற்றார். கல்விக்குச் சமய எல்லை இல்லை என்பதற்கு அவரது இளமையே சான்றாகும்.

பின்னர்த் தஞ்சையில் குடியேறி, ஆசிரியப் பணி துறந்து, மருத்துவத்தால் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளை இசைக்கே வழங்கினார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளை அடுத்தடுத்துக் கூட்டினார். 1916இல் பரோடாவில் நிகழ்ந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை எடுத்துரைத்தார். தானத்துக்குச் சுருதி 22 என்ற வடநூல் வழக்கை மறுத்து, சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் காட்டும் பாலை முறைகளின்படி 24 என நிறுவ முற்பட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அவரது கருணாமிர்த சாகரம் 1917இல் வெளிவந்தது.

இசை கற்கத் தொடங்குவோர் பொருள் அறியாத மொழியிலேயே பாடிப் பழகும் நிலை அன்று இருந்தது. அதனால் பண்டிதர் பயிற்சிக்குரிய கீதங்களைத் தமிழிலேயே இயற்றித் தந்தார். இதன் அருமையை உணர, எழுத்துக்கும் இசைக்கும் உள்ள உறவைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் ஏழு நெடில்களை நம் நிகண்டு மரபு உரிமையாக்கிற்று. ஆயினும், பண் ஆலாபனையாகிய ஆளத்திக்கு அடியார்க்குநல்லார் உரை காட்டும் பழைய இலக்கணம், குறில் ஐந்தையும் நெடில் ஐந்தையுமே கூறுகிறது. ஐகார ஔகாரங்களுக்கு அங்கு இடமில்லை. காரணம் வெளிப்படை. ஐகாரம் அகர இகரமாகவும் ஔகாரம் அகர உகரமாகவும் ஒலிப்பன என்பது தொல்காப்பிய வழக்கு. இரு நிலையுடைய ஒலியை நீட்டினால் இடையில் வடிவம் மாறிவிடும். முன்னுள்ள அகரத்தில் நின்று நீட்டி, இறுதியில் மட்டும் இகர உகரத்தைத் தொட்டு முடிப்பதே பாடகர்க்கு ஏற்ற வழி.

ஈகாரமும் ஊகாரமும் வேறு வகையில் அரியன. வாயைத் திறந்த அளவில் பிறக்கும் ஆகாரம் குரலுக்கு இயல்பாகவே இடம் தருகிறது. ஈகாரத்தில் நா மேலெழுகிறது. ஊகாரத்தில் இதழ் குவிகிறது. வழி குறுகுவதால் உச்சத் தானத்தில், சிறப்பாகப் பெண் குரலில், ஒலி மெலிந்தோ கீச்சிட்டோ போகும். அதைத் தவிர்க்க வாயை மிகத் திறந்தால் நீர் நேராகும், கூடு கோடாகும். வாயைச் சிறிதே நெகிழ்த்தி, எழுத்தின் உருவம் கெடாமல் ஒலியை நிறைத்தலே பயிற்சியால் வரும் திறம்.

குறிலுக்கோ அளவே இடர். இசையில் எழுத்து தன் மாத்திரையைக் கடந்து நீளும் எனத் தொல்காப்பியர் ஒப்புகிறார். எனினும், இடமறியாமல் நீட்டினால் கல் காலாகும், படு பாடாகும். தாய்மொழியில் பாடுவோர்க்குப் பிழை உடனே செவியில் உறுத்தும். பொருள் தெரியாத மொழியிலோ பிழை பிழையென்றே தோன்றாது. பண்டிதரின் தமிழ்க் கீதங்கள் செய்த பெருந்தொண்டு இதுவே.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவரது சுருதிக் கணக்கை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். எனினும், இசையின் வேரை நம் நூல்களில் தேட வேண்டும் என்ற அவர் நெறி நிலைத்து நிற்கிறது. பின்னெழுந்த தமிழிசை இயக்கத்திற்கு அவர் உழைப்பு உரமாயிற்று.

குணங்குடியார் பாடலாயினும், தேவாரமாயினும், கீர்த்தனையாயினும் மேடையேறிப் பாடும் மாணவச் செல்வங்கள் முதலில் எழுத்தின் பிறப்பை உணர்தல் வேண்டும். உயிரெழுத்துப் பிழைபட்டால் பாட்டின் உயிரும் உடன் போகும். எழுத்ததிகாரம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. பாடும் குரலுக்கும் அதுவே முதற்பாடம்.